என்னைக் கேட்காத மிஸ்ஸி

ஆஸ்பத்திரித் தாதியான அந்த மிஸ்ஸியின் முகம், கஞ்சி போட்ட அவரது தொப்பியைப் போலவே விறைத்திருந்தது. ட்ராம் படியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட என் தங்கச்சியை நானும் அம்மாவும் கட்டிலில் கிடத்தியதும், கன்னத்தைத் தட்டித் தட்டிக் கேட்டார்: "பிள்ளை, உன்ரை பேர் என்ன?"

அவளுக்காக நான் இங்கிலீஷில் பதில் சொன்னேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். எங்கே போனாலும் எல்லோருக்காகவும் நானே பேசுவேன்.

"உன்னட்டையே கேட்டனான்?"

"அவளுக்கு ஆறு வயசுதான், மிஸ்ஸி. பயந்துபோயிட்டாள்."

"உன்ரை இங்கிலீசை டொக்டர் துரைக்கு வைச்சிரு. மூளை கலங்கினதோ எண்டு பிள்ளையின்ரை வாயாலைதான் தெரியும். நீ வாயைப் பொத்து."

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். மிஸ்ஸி மறுபடி தட்டினார். தங்கச்சியின் கண் பாதி திறந்தது, பேச்சு வரவில்லை. அம்மா என் கையை இறுகப் பிடித்தார்.

"இது ஆர்?" என்று மிஸ்ஸி என்னைக் காட்டினார்.

தங்கச்சி என் பக்கம் கண்ணைத் திருப்பி முனகினாள்: "அக்கா... சும்மா இருக்கமாட்டா."

மிஸ்ஸி சிரிக்கவில்லை. "மூளை கலங்கேல்லை," என்றார் அம்மாவிடம். "வீட்டிலையும் நித்திரையாலை எழுப்பி எழுப்பிப் பேரைக் கேளுங்கோ. அக்காக்காரி வாய் திறக்கப்படாது."

அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அன்று மாலை முழுவதும் வீட்டில், அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே, அம்மா எழுப்பிக் கேட்ட ஒவ்வொரு தடவையும் தங்கச்சி தானாகப் பேர் சொல்லும்வரை உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன்.