கப்பல் வராத மாதங்களில்

நான் பிரதேச சபை உறுப்பினராக இருந்த காலத்தில்தான் நாட்டுக்கு எண்ணெய்க் கப்பல் வராமல் மண்ணெண்ணெய் இல்லாமற் போனது. இணுவிலில் எங்கள் வட்டாரம் முழுக்கத் தோட்டக்காரர். மண்ணெண்ணெய் இல்லாவிட்டால் கிணற்றடியில் பம்ப் ஓடாது. வெங்காயம் சில நாட்களில் வாடிவிடும். சபையில் நாங்கள் பார்த்தது தெருவிளக்கும் குப்பையும் வாய்க்காலும்தான். எண்ணெய்க் கப்பலுக்கும் எங்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அதை யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

ஒரு பின்னேரம் கேற்றடியில் சத்தம் கேட்டது. யன்னலால் பார்த்தேன். வெறும் எண்ணெய்க் கான்களோடு முப்பது பேரளவில் நின்றார்கள். கொஞ்ச நாளைக்கு முன்தான் தெற்கில் தட்டுப்பாட்டால் கொதித்த சனம் அரசியல்வாதிகளின் வீடுகளை எரித்திருந்தது. கணவர் சந்தைக்குப் போயிருந்தார். சின்ன மகளைக் குளியலறைக்குள் விட்டுப் பூட்டிவிட்டு வெளியே போனேன்.

முன்னுக்கு நின்றவள் பக்கத்து ஒழுங்கைக்காரி. எனக்காக வீடுவீடாகப் போய் வாக்குக் கேட்டவள்.

"அக்கா, உங்களுக்குத்தான் புள்ளடி போட்டனாங்கள். தோட்டம் செத்துப்போச்சு. எண்ணெய் எங்கை?"

"கப்பல் வரேல்லையாம். நான் என்ன செய்யிறது?"

"ஒண்டும் செய்ய ஏலாதெண்டால் ஏன் அந்தக் கதிரையிலை இருக்கிறியள்?"

அவள் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பின்னாலிருந்து ஒரு கல் பறந்து வந்து ஓட்டில் விழுந்தது. உள்ளே மகள் வீரிட்டாள். எல்லோரும் அடங்கிப்போனார்கள்.

"பிள்ளை அழுகுது. வாங்கோ, போவம்" என்று அவளே அவர்களைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அதன் பிறகு நான் தேர்தலில் நிற்கவில்லை. ஒழுங்கையில் ஒரு மோட்டார் சைக்கிள் வேகம் குறைந்தாலே மகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுவேன்.

பாராளுமன்றத் தேர்தல் வந்தது. எங்கள் கட்சியின் பழைய எம்பி மறுபடி நின்றார்; நல்ல மனிதர். அந்தத் தட்டுப்பாட்டில் அவர் கையிலும் ஒன்றும் இருக்கவில்லை. அது என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் வாக்குச்சீட்டை விரித்தபோது, பழைய ஆட்களே இருந்தால் அந்த நாட்கள் திரும்பவும் வந்துவிடும் என்று மனம் பதறியது. வேறு கட்சிக்குப் புள்ளடி போட்டேன்.

"ஆருக்குப் போட்டனீர்? அந்த மனுசனுக்குத்தானே?" கணவர் கேட்டார்.

"ஓம்" என்றேன்.

எம்பி தோற்றுப்போனார். சில மாதங்கள் கழித்து, மகளோடு போகும்போது கோயில் வீதியில் எதிர்ப்பட்டார்.

"நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள், தங்கச்சி?"

நான் போட்ட வாக்கை என் முகத்தில் கண்டுபிடித்துவிடுவாரோ என்ற பயத்தில், குனிந்து மகளின் சட்டைப் பொத்தானைப் பூட்டத் தொடங்கினேன்.