அடுப்பங்கரையில் ஒரு துப்பாக்கிக் குழல்

ஹெப்பாளில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் புது இரும்புக் குழாய்களின் எண்ணெய்க் காகிதத்தைப் பிரிக்கும்போதெல்லாம், அந்த வாசனையிலேயே அப்பா வேலை பார்த்த துப்பாக்கி ரிப்பேர்க் கடைக்குப் போய்விடுகிறேன். மைசூரில் அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். குடகுக் காப்பித் தோட்டக்காரர்கள் கொண்டுவரும், முன்கட்டையை இழுத்துத் தள்ளிச் சுடும் பழைய பம்ப் துப்பாக்கிகளுக்கு அங்கே புதுக் குழல் மாற்றுவார்கள். மாட்டுவதற்கு முன் அப்பா குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்க்கச் சொல்வார். உள்ளே வளையத்துக்குள் வளையமாக வெளிச்சம் ஓடும், கோணல் இருந்தால் வளையங்கள் ஒருபக்கமாக ஒதுங்கிவிடும். எனக்கோ கழற்றிப் போட்ட பழைய குழல்கள் மீதுதான் கண். ஒவ்வொன்றும் எதைச் சுட்டிருக்கும்?

வாய் வீங்கிப்போன ஒன்றை அறுத்து, நல்ல பாகத்தில் ஒரு முழத்தை அம்மாவுக்கு ஊதுகுழலாகக் கொண்டுவந்தார். அம்மா அதைப் புளி போட்டுத் தேய்த்தாள்; ஆனால் வாயில் வைக்கவில்லை.

"இது எந்த உசிரையாச்சும் எடுத்திருக்குமாங்க?"

"ஓனரையே கேட்டுட்டேன். பன்னி வெரட்ட ஆகாசத்தப் பாத்துச் சுட்டதோட சரியாம்."

அதன் பிறகுதான் ஊதினாள். கேஸ் வரும்வரை எங்கள் வீட்டுச் சோறு அந்தக் காற்றில்தான் வெந்தது.

போன மாதம் அப்பாவிடம், அந்த ஓனர் வேறென்ன சொன்னார் என்று கேட்டேன். மாலை போட்ட அம்மாவின் படத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"அவர்கிட்ட நான் கேக்கவே இல்லம்மா."