விளக்கெண்ணெய் பிரேக்

திருப்பதியில் ஒரு மரக்கடைக்காரரின் கிணற்றை ஆழப்படுத்திக் கொடுத்ததற்குக் கூலியாக, அவருடைய கொல்லையில் செத்துக் கிடந்த பிக்கப் வண்டியைக் கேட்டாள் என் நாத்தனார்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி மூன்று வருஷம். எங்கள் ஊர் புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் இருந்தது. சொந்த நிலம் கிடையாது. கிணறு வெட்டுவதுதான் பிழைப்பு. குழுவில் ஏழு பேர். என் வீட்டுக்காரரும் இன்னும் மூன்று ஆண்களும் உள்ளே இறங்கிப் பாறையைப் பிளப்பார்கள். பெண்கள் மூன்று பேரும் மேலே நின்று, கல்லும் மண்ணும் நிறைந்த கூடையைக் கப்பியில் போட்டு இழுப்போம். நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு அக்கா, பத்து வயது மூத்தவள். குழுவுக்குத் தலைவர் யார் என்று கேட்டால் எல்லாரும் என் வீட்டுக்காரரைக் காட்டுவார்கள். அவர் திரும்பி அக்காவைப் பார்ப்பார்.

மரக்கடைக்காரர் தெலுங்குக்காரர், நல்ல மனிதர். அவள் கேட்டதைக் கேட்டு முதலில் சிரித்தார். “ஆ பண்டியா? தான்லோ பிராணமே லேதம்மா” என்றார். அதற்குள் உயிரே இல்லையாம்.

“உசிரு நாங்க குடுத்துக்கிறோம் சாமி. நீங்க வண்டியக் குடுங்க” என்றாள் நாத்தனார்.

என் வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. இரண்டு மாதம் பாறையோடு மல்லுக்கட்டிய கூலி அது. “இன்னாக்கா, இரும்பத் துன்ன முடியுமா?” என்று கேட்டார்.

“ஒரு நாளைக்கு எத்தினி கூடை இழுக்கறோம்னு உன் பொண்டாட்டியக் கேளு. அவ கையப் பாரு” என்றாள்.

அவர் என் கையைப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டேன். உள்ளங்கை முழுக்கக் கயிறு அறுத்த காய்ப்பு. இந்த வண்டி உயிர் பெற்றால் கயிற்றை அது இழுக்கும், நாங்கள் இழுக்க வேண்டாம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உடனே ஓடிப்போய் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.

யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் ஏலம் விட்ட வண்டி அது. முன் சக்கரங்கள் இரண்டும் இல்லை, கருங்கல்லின் மேல் உட்கார்ந்திருந்தது. பின்பக்கத்துப் பலகைகள் செல்லரித்துக் கிடந்தன. டிரைவர் சீட்டில் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. ஆனால் அடிச்சட்டம், அந்த நீளமான இரண்டு இரும்புச் சட்டங்கள், கடப்பாரையால் தட்டினால் கணீரென்றது. பாறையைத் தட்டிச் சத்தத்தை வைத்தே உள்ளே பிளவு இருக்கிறதா என்று சொல்லுகிறவர்கள் எங்கள் ஆட்கள். சட்டத்தைத் தட்டிப் பார்த்தபின் என் வீட்டுக்காரரே, “கெட்டியாத்தான் கீது” என்றார்.

மரக்கடையிலேயே வைத்துப் பழுதுபார்க்க இடம் கொடுத்தார்கள். ஆண்கள் பக்கத்தில் வேறொரு கிணற்று வேலைக்குப் போக, நாத்தனாரும் நானும் வண்டியோடு இருந்தோம். ஒரு மெக்கானிக் வந்தார். பட்டாள ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். முப்பது வயதிருக்கும். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். எதைத் தொட்டாலும் முதலில், “இது ஆகாது” என்பார். அப்புறம் ஆக்கிவிடுவார்.

என்ஜின் இறுகிக் கிடந்தது. அதைச் சுற்றும் கைப்பிடியை முன்பக்கம் செருகி நாத்தனார் தொங்கிப் பார்த்தும் அசையவில்லை. மெக்கானிக் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, அந்தத் துளைகளில் மண்ணெண்ணெயும் என்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றினார். “ஊறட்டும். தினமும் காலைல ஒரு தபா, சாயங்காலம் ஒரு தபா மெதுவா அசைச்சுப் பாருங்க. பலம் காட்டாதீங்க, உடைஞ்சிடும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஆறாம் நாள் காலை கைப்பிடியைப் பிடித்து அழுத்தினேன். ஒரு விரல்கடை அளவு நகர்ந்தது. என் பிரமையோ என்று கரித்துண்டால் ஒரு கோடு போட்டு மறுபடி அழுத்தினேன். கோடு விலகியது. “அக்கா, அசையுதுக்கா” என்று நான் கத்தியதில் மரக்கடைக்காரரே ரம்பத்தை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். அன்று மத்தியானத்துக்குள் அது முழுச் சுற்று சுற்றியது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்குப்பின் ஒவ்வொரு நாளும் ஒரு புதுச் சந்தோஷம். ரேடியேட்டரைத் தகரம் பற்றவைப்பவர் ஒருவர் ஒழுகாமல் செய்தார். முன் சக்கரங்களும் டயர்களும் பழையவைதான், வேறொரு லாரியிலிருந்து வந்தவை. பலகைக்கு மரக்கடைக்காரர் வேங்கை மரம் கொடுத்தார். கேட்காமலே கொடுத்தார். அவருக்கும் எங்கள் பைத்தியம் தொற்றிக்கொண்டிருந்தது. கூடையும் கடப்பாரையும் வெடிப்பெட்டியும் வைக்கத் தனித்தனியாகத் தடுப்பு இருக்க வேண்டும் என்று நாத்தனார் தரையில் குச்சியால் வரைந்து காட்டினாள். கோழியைக் கூடையோடு வேறிடம் மாற்றினோம்.

பிரேக்தான் பெரிய பாடு. மெக்கானிக் நான்கு சக்கரங்களையும் கழற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே இருந்த ரப்பர் எல்லாம் போய்விட்டது என்றார். மதராசுக்கு ஆள் அனுப்பி ரப்பர் வந்தது, பிரேக் ஆயில் வரவில்லை. “பட்டாளத்துல கிடைக்காதப்ப விளக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும் கலந்து ஊத்துவோம். ரப்பருக்கு அது ஒண்ணும் பண்ணாது. மண்ணெண்ணெய் மட்டும் படக்கூடாது, ஊதிப்போயிடும்” என்றார்.

நான் செக்கில் ஆட்டிய விளக்கெண்ணெய் வாங்கி வந்து, புதுத் துணியை நான்காக மடித்து மூன்று முறை வடிகட்டினேன். ஒரு தூசி இருந்தாலும் பிரேக் பிடிக்காது என்று அவர் சொல்லியிருந்தார். அந்த பிரேக்கை நம்பித்தான் கூடையில் என் வீட்டுக்காரர் ஏறி இறங்கப்போகிறார். நான்காம் முறையும் வடிகட்டினேன்.

முதல்முறை ஸ்டார்ட் செய்த அன்று கைப்பிடியை நாத்தனார் சுற்றினாள். கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கைப்பிடி எதிர்ச்சுற்றுச் சுற்றி எலும்பை முறித்துவிடும். இரண்டு சுற்று, மூன்று சுற்று. இருமியது. நான்காவதில் பிடித்துக்கொண்டது. வண்டி உடம்பு முழுக்க நடுங்கியது, கரும்புகை வந்தது, கோழிகள் மதிலைத் தாண்டிப் பறந்தன. நாத்தனார் முகமெல்லாம் கரியோடு நின்று, “ஏம்மே, கேக்குதா, கேக்குதா?” என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

யார் ஓட்டுவது என்ற பேச்சு வந்தது. என் வீட்டுக்காரருக்கு ஆசை. ஆனால் பாறையில் துளை போட்டு வெடி வைக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான், அவர் உள்ளே இருந்தாக வேண்டும். மெக்கானிக் டிரைவர் ஒருவரை அமர்த்தச் சொன்னார்.

“இன்னாத்துக்கு? கயிறு எப்ப இறுகும், எப்ப தளரும்னு இவளுக்குத் தெரியும். மூணு வருஷமா கெணத்து வாயில நின்னுக்கினு இழுக்கறா. இவளே ஓட்டட்டும்” என்றாள் நாத்தனார்.

“லேடீஸா?” என்றார் மெக்கானிக். “இது ஆகாது.” அவர் அப்படிச் சொன்னதும் எனக்குப் பயமே போய்விட்டது.

வறண்டு கிடந்த ஏரிக்குள் எட்டு நாள் ஓட்டினேன். முன்னால் ஐம்பது அடி, பின்னால் ஐம்பது அடி. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். கிளட்சை விடும்போது வண்டி துள்ளும். துள்ளாமல் விட வந்ததும் நாள் முழுக்க ஓட்டிக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

காகிதத்துக்காகச் சித்தூருக்குப் போனோம். ஆந்திர ராஜ்ஜியம் பிரிந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வண்டியின் பழைய பதிவுப் புத்தகம் மதராஸ் ராஜ்ஜியத்துப் பெயரில் இருந்தது. புதுத் தலைநகர் கர்னூலுக்கு எழுத வேண்டும், பதில் வர வேண்டும் என்று மூன்று தடவை நடந்தோம். எங்கள் பக்கத்து ஊர்கள் ஆந்திராவிலேயே இருக்குமா, மதராசுக்குப் போகுமா என்று டீக்கடைகளில் சண்டை நடந்த காலம் அது. வண்டியை மறுபடி எழுத வேண்டி வந்தாலும் வரும் என்று குமாஸ்தாவே சொன்னார்.

லைசென்சுக்கு வந்த அதிகாரி என்னைத் தாண்டி என் வீட்டுக்காரரைப் பார்த்து, “எவரு நடுபுதாரு?” என்று கேட்டார், யார் ஓட்டுவது என்று.

“நேனே சார்” என்றேன், நானேதான் என்று.

அவர் இரண்டு பீப்பாய்களை நிறுத்தி, நடுவில் பின்பக்கமாக வரச் சொன்னார். எட்டு நாளும் நான் அதைத்தானே செய்திருந்தேன். ஒரே வீச்சில் உள்ளே போய் நின்றேன். மறுபடி ஒருமுறை செய்யச் சொன்னார். மறுபடியும் செய்தேன். “சரே” என்று எழுதிக்கொண்டார்.

முதல் கிணறு நாராயணவனம் பக்கத்தில் ஒரு தமிழ் விவசாயியுடையது. “எல்லைக் கோடு எந்தப் பக்கம் வேணா போவட்டும். ரெண்டு சர்க்காரும் எனக்குத் தண்ணி ஊத்தப் போறதில்ல. நீங்க வெட்டுங்க” என்றார். மெக்கானிக்தான் வண்டியை ரோடு வழியாக அங்கே ஓட்டிவந்து விட்டார். மாடு பூட்டித் தோல்பையால் கவலை இறைத்த பழைய கிணறு. கவலை மாடுகள் இறங்கிப்போக, கிணற்று வாயிலிருந்து வெளிப்பக்கமாக நீண்ட சரிவு இருந்தது. வண்டியை அந்தச் சரிவின் தலையில் நிறுத்தி, பின்கொக்கியில் கயிறு கட்டி, கயிற்றைக் கப்பி வழியாகக் கிணற்றுக்குள் விட்டோம். வண்டி சரிவில் இறங்கினால் கூடை மேலே வரும், பின்னால் ஏறினால் கூடை கீழே போகும். நாத்தனார் கிணற்று வாயில் சிவப்புத் துணியோடு நின்றாள். வண்டியின் பின் ஜன்னலில் கண்ணாடி இல்லாததால் அவள் குரலும் எனக்குக் கேட்டது.

முதல் நாள் நாங்கள் தூக்கிய கல் முன்பெல்லாம் நான்கு நாளில் தூக்குகிற கல். எங்கள் குழுவின் மூன்றாவது பெண் கூடையைக் கவிழ்த்துக் கவிழ்த்து, “மெதுவா வா தாயி, நான் மனுஷிதான்” என்றாள்.

நான்காம் நாள் பாறையில் வெடி வைத்தார்கள். மற்ற ஆண்கள் மேலே வந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் திரிகளுக்கு நெருப்பு வைத்துவிட்டுக் கூடையில் ஏறிக் கயிற்றை ஆட்டினார். நாத்தனார் துணியை வீசினாள். நான் கிளட்சை விட்டேன். கொஞ்சம் அவசரமாக விட்டுவிட்டேன் போலிருக்கிறது. வண்டி ஒரு துள்ளுத் துள்ளியது. என்ஜின் நின்றுவிட்டது.

பின்னால் நாத்தனார் குரல் வந்தது. “அந்தரத்துல தொங்கறான். இழுமே, இழு.”

இறங்கிக் கைப்பிடி சுற்ற நேரமில்லை. என் கால் தானாகவே பிரேக்கை மிதித்திருந்தது. வண்டி அசையாமல் நின்றது. முன்னால் சரிவைப் பார்த்தேன். மாடுகள் என்ஜின் வைத்துக்கொண்டா இழுத்தன? உடம்பு பாரத்தைச் சரிவில் சாய்த்துத்தானே இழுத்தன. வண்டியின் பாரம் என் வீட்டுக்காரரின் பாரத்தைவிட எத்தனையோ மடங்கு. கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுப் பிரேக்கை மெல்லத் தளர்த்தினேன். சத்தமே இல்லாமல் வண்டி இறங்க ஆரம்பித்தது. கப்பி கிறீச்சிட்டது மட்டும் கேட்டது.

சும்மா விட்டால் கூடை வேகமாக வந்து கப்பியில் மோதி ஆளை நசுக்கிவிடும். காலைக் கொஞ்சம் அழுத்தினேன், கொஞ்சம் விட்டேன். பாதத்துக்குக் கீழே பிரேக் பதமாக எழுந்து எழுந்து அமுங்கியது. “இன்னும், இன்னும், இன்னும் கொஞ்சம்” என்று நாத்தனார் சொல்லிக்கொண்டே இருந்தாள். “போதும்” என்றதும் முழுக்க மிதித்தேன். நின்றது. ஒரு சாண்கூட வழுக்கவில்லை.

நான்கு கைகள் அவரைக் கூடையிலிருந்து இழுத்தன. எல்லாரும் ஓடிவந்து வண்டியின் மறைவில் குந்தினார்கள். நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். தரை குலுங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று என் வீட்டுக்காரர் வெடிகளை எண்ணுவது கேட்டது. ஐந்தும் வெடித்தன. கூரை மேல் சிறு கற்கள் பொலபொலவென்று விழுந்தன.

அவர் எழுந்து வந்து கதவோரம் நின்றார். தலைமுடியெல்லாம் புழுதி. “இன்னாமே, சத்தமே வரல. என்ஜின் இல்லாமலா தூக்கின?” என்றார்.

“ஆமா மாமா.”

“நான் மேல வர்றப்போ, இவ்ளோ நைசா ஓட்டக் கத்துக்கினியேன்னு நெனச்சேன்.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. நாத்தனார் மட்டும் வண்டிக்கு அடியில் குனிந்து, பிரேக் குழாயில் எங்காவது எண்ணெய் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கசியவில்லை.

புகை அடங்கியதும் ஆண்கள் எட்டிப் பார்த்தார்கள். பிளந்த பாறைக்கு நடுவில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. விவசாயி செருப்பைக் கழற்றிவிட்டுக் கிணற்று விளிம்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதன்பின் அந்த வண்டியில் பலமனேர் வரை போய்க் கிணறு வெட்டியிருக்கிறோம். சில வருஷம் கழித்து எல்லை முடிவானபோது, நாங்கள் வெட்டிய கிணறுகளில் திருத்தணிப் பக்கத்தவை மதராசுக்குப் போயின, எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. இரண்டு பக்கத்துக்கும் பெர்மிட் வாங்கிக்கொண்டு ஓட்டினேன்.

ஆனால் அன்றைய சாயங்காலத்தைப் போல ஒரு சாயங்காலம் பிறகு வரவில்லை. வேலை முடிந்ததும் ஏழு பேரும் வண்டியில் ஏறினோம். அதுவரை ஏரியிலும் சரிவிலும் முன்னும் பின்னுமாகவே ஓட்டிக்கொண்டிருந்த நான் முதல்முறையாகப் புத்தூர் ரோட்டில் ஏற்றினேன். என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்து, எதிரே வந்த ஒவ்வொரு மாட்டு வண்டிக்கும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி வழி காட்டினார். பின்னால் பலகையைத் தட்டிக்கொண்டு எல்லாரும் ஒரே பேச்சு. மூன்றாவது கியர் போடு என்று நாத்தனார் பின் ஜன்னல் வழியாகக் கத்தினாள். போட்டேன்.