வோல்காவில் பனி உடைந்த சத்தம்

வழவழப்பான தாளில் புது அச்சு மையோடு லேசாக மண்ணெண்ணெயும் கலந்தது போன்ற ஒரு வாசனை; என் ஐந்தாம் வகுப்புப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் அந்த வாசனைதான் அடித்தது. அறுபதுகளின் கடைசியில் காரைக்குடிப் பிள்ளைகள் பலரும், ருஷ்ய நாட்டைப் பற்றித் தமிழில் வந்துகொண்டிருந்த வண்ணப் பத்திரிகையைக் கிழித்துத்தான் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டோம். புதுவயல் அரிசி மில்லில் லாரி ஓட்டிய எங்கள் அப்பா – நாங்கள் 'அய்யா' என்போம் – அங்கே தொழிலாளர்கள் படித்து முடித்த பழைய இதழ்களைக் கட்டாகக் கொண்டுவந்து போடுவார். அவற்றில் ஒரே ஓர் இதழில் மட்டும் கத்தரி படக் கூடாது என்று என் அக்கா சிவகாமி தடுத்துவிட்டாள். கொஸ்த்ரமா என்ற ஊரைப் பற்றிய கட்டுரை அதில் இருந்தது.

அக்காவுக்கு அப்போது பதினைந்து வயது. சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தில் போய் உட்கார்ந்துவிட்டது என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். நாலு எட்டு நடந்தால் அவளுக்கு மூச்சு வாங்கும். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, முற்றத்து ஓரம் கயிற்றுக் கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே நாளைக் கழித்தாள். அந்த இதழின் கடைசிப் பக்கத்தில், பேனா நட்புக்கென்று வந்திருந்த முகவரிகளில் கொஸ்த்ரமாக்காரி ஒருத்தியும் இருந்தாள். பெயர் நீனா. எங்கள் தெருவில் குடியிருந்த ஆங்கில ஆசிரியையின் உதவியோடு அக்கா அவளுக்கு எழுதினாள். ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தபோது அவள் முகத்தில் பார்த்த சிவப்பை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை.

இரண்டு வருடங்களில் ஏழெட்டுக் கடிதங்கள் வந்திருக்கும். அவற்றைக் கொண்டு அந்த ஊரையே அக்கா கட்டி எழுப்பிவிட்டாள். வோல்கா நதிக்கரையில் எண்ணூறு வருடத்துக்கு முந்திய ஊர் அது. நகரத்தின் நடுவிலிருந்து தெருக்கள் விசிறி மட்டைபோல விரிந்து போகுமாம். நடுவே தூண் வைத்த ஓர் உயரமான கோபுரம். எங்காவது புகை தெரிகிறதா என்று அதன் உச்சியில் காவல்காரர் நின்று பார்ப்பாராம். வளைவு வளைவாகக் கடைவீதி, மாவுக்கு ஒரு வரிசை, மீனுக்கு ஒரு வரிசை. கொஸ்த்ரமா என்றே பெயர் கொண்ட ஒரு சிற்றாற்றைத் தாண்டினால் பொன் கும்மட்டங்கள் வைத்த மடம். பதினாறு வயதுப் பையன் ஒருவனிடம் 'நீதான் இனி எங்கள் அரசன்' என்று பிரபுக்கள் வந்து மன்றாடியது அங்கேதான். அவனைப் பிடிக்க வந்த எதிரிப்படைக்கு வழிகாட்டுவதாகச் சொல்லிப் பனிக்காட்டுக்குள் கூட்டிப்போய்த் தானும் திரும்பாமல் செத்துப்போனார் ஒரு விவசாயி. அவருக்கு அந்த ஊரில் சிலை இருக்கிறது. இதையெல்லாம் கேட்ட அய்யா, "அங்குட்டு நெல்லு வெளையுமாமா?" என்று மட்டும் விசாரித்தார்.

முற்றத்துச் சிமெண்டுத் தரையில் அக்கா சுண்ணாம்புக்கட்டியால் அந்த ஊரை வரைந்து வைத்திருந்தாள். கட்டிலில் இருந்தபடி அவள் வழி சொல்லுவாள், அவளுக்காக நான் நடப்பேன். "இங்குட்டுத் திரும்பு. அங்குட்டு மீன் கடை, நேராப் போனா ஆறு." ஆறே இல்லாத ஊர் எங்களுடையது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது மதுரையில் பார்த்த வைகையும் மணலாய்த்தான் கிடந்தது. அப்படியிருக்க, குளிர்காலத்தில் லாரி ஓடுகிற அளவுக்கு உறைந்துபோகும் ஓர் ஆறு சித்திரை வாக்கில் உடைந்து ஓடத் தொடங்கும் என்று நீனா எழுதியது அவளைப் பித்துப் பிடித்தவளாக்கிவிட்டது. உடையும்போது சத்தம் கேட்குமா, எப்படிக் கேட்கும் என்று அடுத்த கடிதத்தில் கேட்டாள். அதோடு அரியக்குடிப் பெருமாள் கோயில் கோபுரத்தையும் வரைந்து அனுப்பினாள். பிறகு பதிலுக்காக நாள் எண்ணத் தொடங்கினாள்.

வைகாசிக் கடைசியில், பள்ளிக்கூடம் திறந்த சமயம் ஒரு நாள், ஊருணித் தண்ணீர்க் குடத்தோடு வந்த நான் ஈரக்காலால் அந்த வரைபடத்தை மிதித்துவிட்டேன். மடமும் பாதி ஆறும் கரைந்துபோயின. என் தோழிகள் இரண்டு பேர் கூட நின்றார்கள். அன்றைக்கு மூச்சுத் திணறலில் இருந்த அக்கா, "ஒனக்கெல்லாம் நல்ல காலு எதுக்குடி?" என்றாள். தோழிகள் சிரித்துவிட்டார்கள். நான் அழவில்லை, ஆனால் அந்தச் சொல் நெஞ்சில் தைத்துவிட்டது.

மறுநாள் வாசலில் வைத்துத் தபால்காரர் என் கையில் கொடுத்த உறையில் ருஷ்யத் தபால்தலை ஒட்டியிருந்தது. அதைப் பைக்கட்டில் கணக்குப் புத்தகத்துக்குள் செருகிக்கொண்டேன். நாலு நாள் கெஞ்சட்டும், அப்புறம் கொடுக்கலாம் என்றிருந்தேன். மதியம் அக்கா, "தபால்காரர் வந்தாகளாடி?" என்று கேட்டாள். வரவில்லை என்றேன். இரண்டாம் நாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள் கேட்டபோது அவள் குரல் மிகவும் தணிந்திருந்தது. அன்று மாலை கொடுத்துவிட வேண்டும் என்று தீர்மானித்தபடி பள்ளிக்கூடம் போனேன். திரும்பி வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. மூச்சு முட்டி உதடு நீலம் பூத்துவிட்டதால், அய்யா மில் லாரியிலேயே அவளைப் படுக்கவைத்து அம்மாவோடு மதுரைக்குக் கொண்டுபோயிருந்தார். கடிதத்தை அவள் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு, வந்ததும் எடுத்துக்கொள்ளட்டும் என்று காத்திருந்தேன். ஒன்பதாம் நாள் அதே லாரியில் அவளைத் துணி சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஆங்கில ஆசிரியையிடம் உறையைக் கொண்டுபோனேன். உறைந்த ஆற்றின் மேல் தலையில் சால்வை கட்டி நின்ற ஒரு பெண்ணின் புகைப்படம் உள்ளே இருந்தது. ஆசிரியை தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். சத்தம் கேட்கும், சிவகாமி, கண்டிப்பாகக் கேட்கும் என்று நீனா எழுதியிருந்தாள். முதலில் தூரத்தில் பீரங்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். வேலையைப் போட்டுவிட்டு ஊரே கரைக்கு ஓடும். பிறகு இரண்டு மூன்று நாளைக்குப் பனிப்பாளங்கள் ஒன்றையொன்று உரசி முனகிக்கொண்டே போகும். இந்த முறை உனக்காகவும் சேர்த்துக் கேட்டேன் என்று முடித்திருந்தாள். ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "இது எப்பம்மா வந்துச்சு?" என்று கேட்டார். அக்கா போன பிறகு வந்தது என்று சொன்னேன். நீனாவுக்கும் அப்படியே எழுதிப் போட்டோம். அதன் பின் என் பெயருக்கு அவளிடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. உண்மையை எழுதத் தைரியம் இல்லை, பொய்யைத் தொடரவும் மனம் வரவில்லை. இரண்டுக்கும் நான் பதில் போடவில்லை.

அய்யா போய்ப் பல வருடங்கள் கழித்து, அம்மா எழுந்து நடமாட முடியாமல் என் வீட்டில் கிடந்த காலத்தில், ஒரு மதியம் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது, கடிதத்தை ஒளித்து வைத்ததைச் சொல்லிவிட்டேன். அம்மா வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள்.

"தபால்காரரு ஒங்கைல குடுத்தத நாந்தான் அடுப்படியிலருந்து பாத்தேனே," என்றாள். "காயிதம் வந்தாலே அவளுக்குப் படபடப்பு வந்துருது, ரெண்டு நாளு போகட்டும்னு பேசாம இருந்துட்டேன். ஆஸ்பத்திரியில எங்கிட்டயும் கேட்டா, ஆத்தா. நானும் வரலைன்னுதான் சொன்னேன்."

நாற்பது வருடம் ஒரே வீட்டுத் துக்கத்தை ஆளுக்குப் பாதியாக ஒளித்து வைத்திருந்தோம். நான் அம்மாவின் வாயைத் துடைத்துவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மாவும் இப்போது இல்லை. அந்த வீடு இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் விற்கிறார்கள். ஆங்கில ஆசிரியையின் குடும்பம் எந்த ஊருக்குப் போனதென்று சொல்ல ஆளில்லை. வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய உறைக்காக எங்கள் தெருவில் இன்று எந்தப் பெண்ணும் காத்திருப்பதில்லை. சிவகாமி என்று ஒருத்தி இருந்தாள் என்பது தெரிந்தவர்களில் மிச்சம் நான்தான். கொஸ்த்ரமாவில் நீனா உயிரோடு இருந்தால், நாங்கள் இரண்டு பேர்.