பூனை பிடித்த விரதம்

பூனைக்கு முப்பது பற்கள் என்பது எனக்குப் போன வருடம்தான் தெரியும். அதற்கு முன் எங்கள் வீட்டில் நான் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான். நில அளவையாளனாக முப்பத்துநாலு வருடம் இருந்தவன் நான். வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்கு ஐம்பத்திரண்டு படிகள். வீட்டில் நான், மனைவி, பன்னிரண்டு வயதுப் பெண்பூனை. அது ஒரு மழைநாளில் தானாகவே அந்தப் படிகளில் ஏறி வந்து தங்கிவிட்டது.

மற்ற நாட்களில் மனைவி மீனை முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து கொடுப்பாள். கந்தசஷ்டி ஆறு நாளும் எங்கள் வீட்டில் மீன் கிடையாது. ஆகவே பூனைக்குக் கடையில் விற்கும் பூனை பிஸ்கட். முதல் நாள் காலையில் தட்டில் நாற்பது வைத்தேன். மாலையிலும் நாற்பது இருந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மாலையில் மனைவி கோயிலால் வந்து பாலும் பழமும் எடுக்கும் நேரத்தில் மட்டும் பூனை வந்து, தன் கிண்ணத்துப் பாலை நக்கிவிட்டுப் போனது.

மூன்றாம் நாள் மனைவி கண்டுபிடித்துவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, கவனிச்சீங்களோ? இதுவும் பாலோடதான் இருக்குது. விரதம் பிடிக்குது!"

"தற்செயலா இருக்கும்."

"மூண்டு நாளும் தற்செயலோ? உங்களுக்குப் பத்து மணிக்கே தோசை கேக்குது. அந்த வாயில்லாச் சீவனுக்கு இருக்கிற பக்தி உங்களுக்கில்லை."

எனக்குச் சலரோகம், அதாவது நீரிழிவு. விரதம் பிடிக்க முடியாது. ஆனாலும் ஒரு பூனையிடம் தோற்றதில் சிறிது வெட்கமாகத்தான் இருந்தது.

நாலாம் நாள் மேல்வீட்டு அம்மா திருநீற்றுடன் இறங்கி வந்தார். பூனையின் நெற்றியில் பூசினார். அது தும்மியது. வாயோரத்தில் எச்சில் வடிந்தது. "பாருங்கோ, எப்பிடி உருகுது! போன பிறப்பில முருகன்ர வாசல்ல கிடந்த சீவனாக்கும்" என்றார். அடுத்த நாள் இரண்டாம் மாடியிலிருந்தும் இருவர் வந்து பார்த்தார்கள். மொத்தம் ஒன்பது பேர் வந்ததாக என் கணக்கு. ஒருவரும் அதன் வாயைத் திறந்து பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. வீட்டில் ஏதோ நாறுகிறது என்று மட்டும் எனக்குப் பட்டது. சமையலறைக் கழிவுநீர்க் குழாயில்தான் பிழை என்று கீழே காவலாளியிடம் இரண்டு தடவை முறையிட்டேன்.

ஏழாம் நாள் காலை விரதம் முடிக்கும் பாறணை. மனைவி ஒரு துண்டு வாழையிலை போட்டு, தயிர்ச்சோறும் அதன்மேல் பொரித்த பப்படமும் வைத்து, விரதகாரியை மரியாதையாக அழைத்தாள். பூனை பப்படத்தைக் கடித்தது. கடித்த வேகத்தில் ஒரு கத்துக் கத்தி, முன்காலால் வாயைப் பிறாண்டிக்கொண்டு கட்டிலின் கீழ் ஓடியது.

டோர்ச்சுடன் நிலத்தில் படுத்து அதன் உதட்டைத் தூக்கினேன். பற்களைச் சுற்றி முரசு வெட்டிய வத்தகப்பழம்போல் சிவந்திருந்தது. ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது. அந்த நாற்றம் முகத்தில் அடித்ததும் குழாயிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

"இஞ்சேர், இது விரதம் பிடிக்கேல்லை. வாய் நொந்து பட்டினி கிடந்திருக்குது."

மனைவி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். "ஐயோ, நான் ஊரெல்லாம் பெருமையாச் சொல்லித் திரிஞ்சனே."

பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறினேன். பிறகு தனியே ஏறினேன். வித்தியாசம் மூன்று கிலோ ஐந்நூறு. சஷ்டிக்கு முன் நாலு கிலோ நூறு. அறுநூறு கிராம் பூனையை நாங்கள் கைகூப்பிக் கும்பிட்டே கரைத்திருந்தோம்.

மூடியுள்ள கூடையில் வைத்து, ஓட்டோவில் தெஹிவளைக்குக் கொண்டுபோனேன். மருத்துவர் ஒரு சிங்களப் பெண்பிள்ளை. எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்று கேட்டார். ஆறு என்றேன். ஏன் இவ்வளவு நாள் கொண்டுவரவில்லை என்றார். விரதத்துக்குச் சிங்களத்தில் சொல் தேடினேன். பௌர்ணமிப் போயா தினத்தில் பௌத்தர்கள் அனுட்டிக்கும் 'சில்' என்ற நோன்புதான் வாயில் வந்தது.

"பூசா சில் கத்தா கியலா ஹிதுவா" என்றேன். பூனை சில் எடுத்திருக்கிறது என்று நினைத்தோம்.

அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு பூனையைப் பார்த்தார். சிரிப்பை அடக்கியது தெரிந்தது. ஆனால் பேசியது கண்டிப்பாகத்தான். பூனை சாப்பிடாமல் கிடந்தால் ஈரல் கெடும். இரத்தம் சோதித்து, இரண்டு நாள் சேலைன் ஏற்றி, அதன் பிறகு மயக்கி, பதினொரு பல் பிடுங்க வேண்டும். வயதான பூனை, மயக்கத்தில் ஆபத்து உண்டு, கையெழுத்து வேண்டும்.

"நூற்றில் எத்தனை எழும்பாது?" என்று கேட்டேன்.

"அங்கிள், எனக்கு முன்னால் இருப்பது ஒரு பூனை. இதை எழுப்பப் பார்க்கிறேன்."

கையெழுத்து வைத்தேன். அது என் கையெழுத்துப்போலவே இல்லை.

பல் பிடுங்கும் நாள் காலையில் மனைவி, "பூனை கண் திறக்கும் வரைக்கும் நான் பச்சைத்தண்ணியும் குடிக்கமாட்டன்" என்றாள்.

"வேண்டாம். இந்த வீட்டில இனி ஒருத்தரும் ஒண்டும் பிடிக்கப்படாது. இருந்து சாப்பிடு."

மருத்துவமனை வாங்கில் இரண்டு மணி பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். தரையில் ஓடுகள் நூற்று அறுபத்தெட்டு. அதில் நாலு வெடித்தவை. ஐந்தாவது வெடிப்பு இருக்கிறதா என்று குனிந்து தேடியபோது மருத்துவர் வந்து, பூனை எழும்பிவிட்டது என்றார். எனக்கு உடனே நிமிர முடியவில்லை. முதுகு பிடித்துவிட்டது என்று அவரிடம் சொன்னேன்.

பற்களை ஒரு சிறு குப்பியில் தந்தார். எண்ணினேன். பன்னிரண்டு.

"டொக்டர், பதினொன்று என்றீர்களே. ஒரு நல்ல பல்லும் வந்துவிட்டதோ?"

ஒன்று வேரோடு இரண்டாக உடைந்து வந்ததாம். இரண்டு துண்டையும் பொருத்திக் காட்டிய பிறகுதான் குப்பியை மூடினேன்.

மிச்சம் பத்தொன்பது. என் வாயில் இருப்பதும் பத்தொன்பது.

வீட்டுக்கு வந்த பூனை அலுமாரிக்குக் கீழே புகுந்துகொண்டது. அன்று மாலை ஒன்றும் தொடவில்லை. அடுத்த நாள் காலை பாலைக்கூட மணந்துவிட்டுத் திரும்பிவிட்டது. பாலும் போனால் என்ன மிச்சம் என்று நான் கூடத்தில் நடந்தேன். மனைவி, "நீங்க நடக்கிற சத்தத்திலதான் அது வெளிய வருகுதில்லை" என்று ஏசினாள். மாலைக்குள் தெரியப்படுத்தச் சொல்லியிருந்தார் மருத்துவர். இன்னும் சாப்பிடாவிட்டால் மறுபடி சேலைன்.

மத்தியானம் அறுக்குளா மீன் குழம்பு. பூனையின் பங்கை உப்பும் மிளகாய்த்தூளும் போடாமல் அவித்து, பசைபோல் மசித்து அலுமாரியின் முன்னால் வைத்தோம். அசைவில்லை. எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு அலுமாரியையே பார்த்திருந்தேன்.

அது வெளியே வந்தது. தன் கிண்ணத்தைத் தாண்டி நேரே வந்து, என் முழங்காலில் காலை ஊன்றி, தட்டிலிருந்த மூன்று மீன் துண்டில் ஒன்றை இழுத்து நிலத்தில் போட்டு, தலையைச் சரித்துச் சரித்து மெல்லத் தொடங்கியது.

"தூள் போட்டது, பறியுங்கோ!" என்றாள் மனைவி.

"பறிக்கிறன்" என்றேன். பறிக்கவில்லை. அது இரண்டாவது துண்டுக்கு எட்டியபோது தட்டைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தேன்.