வீட்டுக்கு வந்தால் நின்றுவிடும் லேப்டாப்

மகள் குழந்தையோடு திரும்பி வந்தபோது நாங்கள் சிகந்தராபாத் பக்கம் மல்காஜ்கிரியில் வாடகை வீட்டில் இருந்தோம். ரிட்டையர் ஆனதும் லாலாகுடா குவார்ட்டர்ஸைக் காலி செய்தாயிற்று. நான் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் எடுபிடிக் கலாசியாகச் சேர்ந்து ஃபிட்டராக வெளியே வந்தவன். படிப்பு எட்டாவது. எழுதிப் பழக்கம் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

மாப்பிள்ளை வேலூர் பக்கம். கை நீட்டுகிறவன். அதற்கு மேல் அதை எழுத மாட்டேன்.

இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் வந்து எங்கள் முன்னறையில் உட்கார்ந்து பேசினார்கள். மகள் உள்ளே இருந்து வந்து நின்றாள்.

"எனக்கு வேலை இருக்கு. என் சாப்பாட்டை நான் பார்த்துக்கறேன். வேலை இருக்கிற வரைக்கும் யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது."

மாப்பிள்ளையின் மாமா சிரித்தார். "வேலை போச்சுன்னா?"

"போச்சுன்னா வரேன்."

அதோடு பேச்சு முடிந்தது. எல்லாரும் காபி குடித்துவிட்டு எழுந்தார்கள்.

அமெரிக்காவில் டாக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்வதைக் காதில் மாட்டிக் கேட்டு டைப் அடித்து அனுப்ப வேண்டும். அதுதான் வேலை. வீட்டில் இருந்தே செய்யலாம். வந்த கையோடு, பெரியவர்கள் வருவதற்கு முன்பே, மாரெட்பள்ளியில் ஒரு இடத்தில் போய்க் கற்றுக்கொண்டாள். தன் வளையலை வைத்து லேப்டாப் வாங்கினாள். டெலிபோன் முன்னறையில் இருந்தது. இன்டர்நெட் வயர் அதில் இருந்துதான் வரும். அங்கே டிவி, குழந்தை, வருகிறவன் போகிறவன். டாக்டர் பேச்சு காதில் விழாது. அதனால் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். இன்டர்நெட் மாட்ட வந்தவன் ஒரு சின்னப் பெட்டியை வைத்து, "இனி வயர் வேணாம்மா, காத்துலயே வரும்" என்றான். வந்தது.

கொஞ்ச நாள், சின்ன ஃபைலாக வந்தவரை, நன்றாக ஓடியது. அப்புறம் ஒருநாள் அடித்த ஃபைலை அனுப்பும்போது திரை முழுக்க நீலமாகிவிட்டது. வெள்ளையில் ஏதோ இங்கிலீஷ் எழுத்து. எந்தப் பொத்தானுக்கும் அசையவில்லை. அணைத்துப் போட்டால் மறுபடி முதலில் இருந்து. அதற்குப் பிறகு தினமும் இதே கதை. அனுப்பும்போதுதான் பெரும்பாலும் வரும். பேத்திக்கு அப்போது மூன்று வயது. தெருவில் விளையாடித் தெலுங்குதான் பேசுவாள். கதவிடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்து எனக்குச் சொல்வாள். "தாத்தா, ப்ளூ வச்சிந்தி." நீலம் வந்துவிட்டதாம்.

கம்பெனியில் இருந்து போன் வரும். மகள் எழுந்து நின்றுகொண்டு பேசுவாள். "எஸ் மேம். சாரி மேம்." வைத்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றபடியே இருப்பாள்.

சிகந்தராபாத் ஸ்டேஷன் எதிரே சந்தில் ஒரு ரிப்பேர் கடை. அவளுக்கு நேரம் கிடையாது என்று நான் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். கடைக்கார பாய் பார்த்தான். மறுநாள் போனால், "சாச்சா, இதர் தோ மஸ்கே கே மாஃபிக் சல்ரா" என்றான். இங்கே வெண்ணெய் மாதிரி ஓடுதாம். கொண்டு வந்தேன். வீட்டில் வைத்தவுடன் நீலம்.

திரும்பவும் எடுத்துப் போனேன். உள்ளே ஏதோ ஒரு பட்டையை மாற்றினான். அடுத்த தடவை எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினான். லேப்டாப்போடு வந்த ஒரிஜினல் சிடியைக் கேட்டான். மகள் அதைக் கீறல் விழாமல் துணியில் சுற்றி வைத்திருந்தாள். கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அதில் இருந்தே ஏற்றினான். கடையில் ஓடியது, வீட்டில் நின்றது.

"உங்க வீட்ல கரண்ட் சரியில்ல, சாச்சா" என்றான்.

அது எனக்குச் சரியென்று பட்டது. கரண்ட் என்றால் எனக்குப் புரியும். வீட்டுக்கு எர்த் சரியில்லை என்று நினைத்தேன். பின்பக்கம் நானே பள்ளம் தோண்டினேன். கரி, உப்பு, குழாய் எல்லாம் வாங்கி இறக்கித் தண்ணீர் ஊற்றினேன். வீட்டுக்கார அம்மா மாடியில் இருந்து எட்டிப் பார்த்தாள். பாதி தெலுங்கு பாதி தமிழில், "ஏமண்டி, யாரைப் புதைக்கிறீங்க?" என்றாள்.

"உங்க வீட்டு வயரிங்கை" என்றேன்.

அதன் பிறகும் நீலம் வந்தது. ஸ்டெபிலைசர் வாங்கினேன், வந்தது. என் மச்சான் வந்து பார்த்து, தெற்கே பார்த்து உட்கார்ந்து வேலை செய்தால் விளங்குமா என்றார். மேஜையைத் திருப்பினோம். மனைவி எலுமிச்சம்பழம் சுற்றி முச்சந்தியில் போட்டாள். மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நக்கோப்பா, வேணாம், விடுங்க. நான்தான் காரணம்னு அடுத்து சொல்வாங்க."

"யார் சொன்னா?"

"அம்மா முகத்தைப் பாருங்க."

நீ எங்கே கால் வைத்தாலும் இப்படித்தான் என்று மனைவி ஒரு தடவை மகளிடம் சொல்லியிருக்கிறாள். அது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

கம்பெனி கடைசியாகப் போன் செய்தது. இந்த வாரமும் லேட் ஆனால் கஷ்டம் என்றார்கள். நான் கடைக்குப் போய் நின்றேன். லேப்டாப்பைக் கொடுக்கவில்லை. "வீட்டுக்கு வா. வந்து நீயே பாரு" என்றேன். இன்னிக்கு முடியாது, நாளைக்கு என்றான். நான் வாசலிலேயே நின்றேன். மத்தியானம் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டரில் வந்தான்.

பின்னறையில் உட்கார்ந்தான். சும்மா ஒரு பெரிய ஃபைலை அனுப்பிப் பார்த்தான். நீலம் வந்தது. முதல் தடவையாக அவன் கண்ணால் பார்த்தான். வெள்ளை எழுத்தைப் படித்து, "ஓ" என்றான். இன்டர்நெட் பெட்டி எங்கே என்று கேட்டான். லேப்டாப்பை முன்னறைக்குக் கொண்டுபோய் வயரைச் சொருகி அனுப்பினான். போயிற்று. வயரைப் பிடுங்கினான். நீலம்.

கடையில் எல்லாம் வயரில்தான் போட்டுப் பார்ப்பார்களாம். காற்றில் வாங்குகிற பாகத்தை ஓட்டுவதற்கு உள்ளே டிரைவர் என்று ஒரு புரோகிராம் இருக்கிறதாம். சிடியில் இருந்த அந்த டிரைவரே கோளாறு. துடைத்துத் துடைத்து அதையே திரும்ப ஏற்றியிருக்கிறான். இன்டர்நெட்டில் இருந்து வேறு ஒன்றை இறக்கிப் போட்டான். பின்னறையில் வைத்து ஓடவிட்டோம். டீ குடித்தோம். பேத்தி கதவருகே காத்திருந்து அலுத்துப் போய்விட்டாள். நீலம் வரவில்லை.

மகள் தலையை முடிந்துகொண்டு உட்கார்ந்தாள். கம்பெனி பக்கத்தைத் திறந்து பாஸ்வேர்டு அடித்தாள். உள்ளே விடவில்லை. மறுபடி அடித்தாள்.

"பாய், இது என்ன புதுசா?" என்றாள்.

அவனும் அடித்துப் பார்த்தான். பெட்டியை அணைத்துப் போட்டான். வயரில் போட்டுப் பார்த்தான். இதுவும் மெஷின் கோளாறாக இருக்கட்டும் என்று நான் நினைத்துக்கொண்டு நின்றேன். அவன் கையை எடுத்துவிட்டான். "இது நம்ம பக்கம் இல்லம்மா பேட்டி. போன் பண்ணிப் பாரு."

பண்ணினாள். காலையிலேயே அவளை வேலையில் இருந்து எடுத்துவிட்டார்களாம். அவளுடைய டாக்டர்களை வேறு பெண்ணுக்குக் கொடுத்தாயிற்று. "ஓகே மேம்" என்று வைத்தாள். பாய் செருப்பை மாட்டிக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் போனான்.

வேறு கம்பெனிகளில் கேட்டாள். எல்லாம் ஆபீசுக்கு வா, ராத்திரி ஷிப்ட் என்றார்கள். குழந்தைக்கு அடிக்கடி மூச்சிழுப்பு வரும். ராத்திரியில் மகளைத் தவிர யாரிடமும் அடங்காது.

வேலூருக்குச் செய்தி போயிருந்தது. மனைவியைக் கேட்டேன்.

"போன்ல கேட்டாங்க, சொன்னேன். பொய் சொல்லச் சொல்றீங்களா?"

மகளிடம், என் பென்ஷன் இருக்கிறது, நீ இரு என்றேன்.

"எத்தனை பேர் முன்னாடி சொன்னேன்ப்பா" என்றாள். "இருந்தா அம்மா இருக்க விடுவாங்களா? நீங்க இல்லாத அன்னிக்கு?"

மாப்பிள்ளை வந்தான். நல்ல சட்டை போட்டிருந்தான். மரியாதையாகத்தான் பேசினான். சிகந்தராபாத் ஸ்டேஷனுக்கு நானும் போனேன். அவன் தண்ணீர் பாட்டில் வாங்க இறங்கினான். நான் ஜன்னல் பக்கம் போனேன்.

"போக வேணாம்னா இறங்கிடு. இப்பவே. நான் பேசிக்கறேன்."

குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. மகள் என்னைப் பார்த்தாள்.

"இறங்கி என்ன பண்றதுப்பா?"

அவன் பாட்டிலோடு வந்து ஏறினான். நகர்ந்து நில்லுங்க மாமா, வண்டி எடுக்கறான் என்றான். நகர்ந்து நின்றேன்.