தேடாமல் விட்ட இடம்

"ஊருக்குப் போயிட்டு வந்து டாக்டர்கிட்டக் காட்டிக்கலாங்கக்கா." செல்வியக்கா இன்று என்னிடம் எதிர்பார்த்தது இந்த ஒரு வார்த்தையைத்தான். நான் சொல்லவில்லை.

ஷிப்ட் முடிந்து பனியன் கம்பெனி வாசலில் நின்றோம். அக்காவின் பையில் மகளுக்கு எடுத்த ஃப்ராக் இருந்தது. இரவு தென்காசி பஸ். தீபாவளிக்குப் பிறகு மகளைப் பார்க்கவில்லை.

அக்காவின் வலது கட்டைவிரல் சிவந்து வீங்கியிருந்தது. தொட்டால் சுட்டது.

"மடக்குங்க பாக்கலாம்."

"மடங்கல பிள்ள. மஞ்சப் பத்து போட்டுருக்கேன். எம்மவளப் பாத்தா சரியாயிரும்."

"ஏதாச்சும் குத்துச்சுங்களா?"

"போன வாரம் ஊசி ஒடஞ்சுதுல்லா, அப்ப லேசாப் பட்டுச்சு."

உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் ஒப்படைத்தால்தான் எங்கள் கம்பெனியில் புது ஊசி தருவார்கள். அன்று முனை மட்டும் கிடைக்கவில்லை. தையலை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு டீ-ஷர்ட்டிலும் காந்தம் வைத்துத் தேடினோம்.

"இன்னைக்கே காட்டோணுங்கக்கா" என்றேன். மருத்துவமனை வரை அக்கா மணியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

எக்ஸ்ரேயில் விரலுக்குள் அந்த ஊசி முனை தெரிந்தது. "இப்படிச் சூடாகி, மடக்க முடியாமப் போனா ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாதுங்க. சீழ் கைக்குள்ள ஏறிரும்" என்றபடி டாக்டர் அதை எடுத்தார்.

மகள் வீடியோ காலில் வந்தாள். "பஸ் ஏறிட்டியாம்மா?"

அக்கா கட்டுப் போட்ட கையைக் கீழே இறக்கிக்கொண்டு, இடது கையால் ஃப்ராக்கைத் தூக்கிக் காட்டினார்.

டீ-ஷர்ட்டையெல்லாம் தேடிய எங்களுக்கு விரலைப் பார்க்கத் தோன்றவில்லை. உங்கள் கம்பெனியிலாவது பார்ப்பார்களா?

தென்காசி பஸ் அக்கா இல்லாமல் கிளம்பிவிட்டது.